பால்மரம் வெட்டிய அம்மாவோடு அந்த ஜேஜூ நாடகத்தைப் பார்ப்பது எப்படி

வீட்டில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துப் பிழைத்த அம்மாவோ பாட்டியோ இருந்தால், அவரோடு உட்கார்ந்து ஒரே ஒரு கொரிய நாடகம் பார்ப்பதற்குப் பதினாறு ராத்திரிகளை ஒதுக்குங்கள். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரீன்ஸ்' பற்றித்தான் சொல்கிறேன். ஐயூவும் பார்க் போகமும் நடித்தது, கிம் வொன்சொக் இயக்கியது, லிம் சாங்சுன் எழுதியது. கொரியாவுக்குத் தெற்கே இருக்கிற ஜேஜூ தீவில் அப்பா இல்லாமல், கொஞ்ச நாளில் அம்மாவும் இல்லாமல் போய்விடுகிற ஏசுன் என்கிற பெண்ணும், சின்ன வயதிலிருந்து அவளையே சுற்றி வரும் குவான்சிக் என்கிற மீன்காரர் வீட்டுப் பையனும் சேர்ந்து ஒரு வாழ்க்கையை ஓட்டி முடிக்கிற கதை. கொரியாவின் 2025 பெக்சாங் விருதில் சிறந்த நாடகம் இதுதான்.

எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். ஏசுன் பிறந்தது 1951. என் அம்மாவும் 1951தான், டவுனிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அம்மாவை உட்கார வைத்தேன். அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. கதையின் முக்கியமான இடங்களைக் கீழே சொல்லப் போகிறேன், தெரியாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் வேலை, முழுவதையும் நீங்கள் தனியாக ஒரு தடவை பார்த்து முடிப்பது. அம்மாவுக்குக் கொரிய மொழி தெரியாது, ஓடுகிற வேகத்துக்கு மலாய் சப்டைட்டிலைப் படிக்கவும் முடியாது, ஆகவே நீங்கள்தான் அவருக்கு வாய். முதல் தடவை பார்க்கும்போது நீங்களே அழுதுகொண்டிருப்பீர்கள், அழுதுகொண்டு கதை சொல்ல முடியாது. இன்னொன்று, கதை முன்னும் பின்னும் தாவும். ஏசுன் சிறுமியாக இருப்பாள், உடனே கிழவியாக இருப்பாள், நடுவில் அவள் மகள் கும்மியாங் பேச ஆரம்பிப்பாள். போதாததற்கு இளம் ஏசுனாகவும் வளர்ந்த மகளாகவும் நடிப்பது ஒரே ஐயூ. நடுத்தர வயது ஏசுனாக மூன் சோரி என்ற வேறொரு நடிகை வருவார். எது எந்தக் காலம் என்று உங்களுக்கே தெளிவாக இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் பாதியிலேயே எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவார்.

அதனால் பெயர்களை விட்டுவிடுங்கள். ஏசுன், குவாங்ரே, கும்மியாங் என்று சொன்னால் யார் யாரென்று நிற்காது. உறவு சொல்லுங்கள். "இது அந்தப் பிள்ளையோட அம்மா, கடல்ல முங்கறவங்க." "இது அந்தப் பிள்ளையே பெரியவளாகி." "இது அவ பெத்த மக, முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்." நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குடும்பத்தை வரைந்து டிவிக்குக் கீழே ஒட்டி வைத்தேன். மூன்றாவது நாளே அம்மா அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "அந்த மீன்காரப் பையன் எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்.

டிவியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒலி கொரிய மொழியிலேயே இருக்கட்டும், அழுகையும் கூப்பாடும் அந்தக் குரலில்தான் சரியாக விழுகிறது. சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க, உங்கள் ப்ரொஃபைல் அமைப்பில் சப்டைட்டில் தோற்றத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதே அமைப்பில் அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பகுதி முடிந்து பாட்டு ஓடுகிற நேரத்தில்தான் பெரியவர்கள் பேசத் தொடங்குவார்கள், அப்போது அடுத்தது தொடங்கிவிட்டால் பேச்சு அப்படியே அடங்கிவிடும். லைன் விட்டு விட்டு வரும் வீடு என்றால் லைன் நன்றாக இருக்கும் நேரத்தில் டேப்லட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு பகுதி போதும். மொத்தம் பதினாறு, வசந்தம் கோடை இலையுதிர் குளிர் என்று நாலு பருவமாகப் பிரித்து, வெளியிடும்போதே வாரத்துக்கு நாலு நாலாகத்தான் விட்டார்கள். நாலு முடிந்ததும் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். முதல் நாலை நான் இரண்டே ராத்திரியில் போட்டுக் காட்டினேன், அம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது.

இனி சொல்லிக் கொடுக்கும் விதம். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்காதீர்கள். முதல் பகுதியில் ஏசுனின் அம்மா ஒரு ஹேன்யோ, ஜேஜூவின் முங்கு பெண்கள். ஆக்சிஜன் எதுவும் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் போய் அபலோன் என்கிற கடல் நத்தையையும் சங்குகளையும் கொண்டு வருபவர்கள். அனுபவத்தை வைத்து அவர்களுக்குள் மூன்று படி உண்டு. மேலே வந்ததும் வாயால் ஒரு சீழ்க்கை விடுவார்கள், அடக்கி வைத்த மூச்சு வெளியே வரும் சத்தம், அதற்குச் சும்பிசோரி என்று பெயர். 2016ல் யுனெஸ்கோ இந்தத் தொழிலையும் அதன் பழக்கவழக்கங்களையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தனையையும் சொல்லத் தேவையில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்று: "விடியறதுக்கு முன்னால காட்டுக்குப் போன மாதிரிம்மா, இவங்க கடலுக்குப் போறாங்க. மழை பேஞ்சா உங்களுக்கு வேலை இல்ல, அலை அடிச்சா இவங்களுக்கு வேலை இல்ல."

அவ்வளவுதான், அம்மா எடுத்துக்கொண்டார். கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும், அதனால் விடியும் முன்னே பெரட்டு என்கிற ஆள் கணக்குக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போக வேண்டும். அடுத்த சீழ்க்கைச் சத்தம் வந்தபோது அம்மா தானாகவே சொன்னார்: "இப்படித்தான் எங்கம்மா காண்டாவைத் தோள்ல இருந்து எறக்குனதும் ஒரு மூச்சு விடுவாங்க." காண்டா என்றால் இரண்டு பக்கமும் வாளி தொங்கும் அந்தத் தூக்குக் கட்டை. எனக்கு நாற்பத்தாறு வயது, என் பாட்டி எப்படி மூச்சு விடுவார் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

காசு வரும் இடங்களில் கவனம். முதல் பகுதியில் சிறுமி ஏசுன் அபலோனைத் திட்டி ஒரு கவிதை எழுதுவாள். அம்மா நாள் முழுக்க அபலோன் பின்னாலேயே போகிறாள், அதை விற்றால் கிடைப்பது நூறு ஹ்வான், அந்த நூறு ஹ்வானை நானே கொடுத்து அம்மாவின் ஒரு நாளை வாங்கிக்கொள்ள ஆசை என்று வரும். ஹ்வான் என்பது 1953 முதல் 1962 வரை அங்கே இருந்த காசு, அப்புறம்தான் வொன் வந்தது. அதை இன்றைய மலேசிய வெள்ளிக்கு மாற்றிச் சொல்லப் போகாதீர்கள், கணக்கு வந்தால் கவிதை போய்விடும். "ஒரு நாள் கூலி" என்று சொல்லுங்கள், தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு ஒரு நாள் கூலி என்றால் என்ன என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. நான் அப்படித்தான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தன்னை விட்டுவிட்டுப் போகும்போது பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பிஸ்கட் பற்றிப் பேசினார்.

இப்படி ஒரு நினைவு வரும்போது உடனே நிறுத்துங்கள், ரிமோட் எப்போதும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். நாடகம் எங்கும் போகாது, அந்த நினைவு போய்விடும். ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். "அப்புறம்?" என்ற ஒன்று போதும். வருடத்தைத் திருத்தாதீர்கள், "போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே" என்றும் சொல்லாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்ய ஆசை இருந்தால் முதல் நாளே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு மேசை மேல் வைத்துவிடுங்கள், நடுவில் எடுத்து நீட்டினால் பேச்சு நின்றுவிடும்.

பெரியவர்கள் பிடித்துக்கொள்ளும் காட்சி நீங்கள் நினைத்ததாக இருக்காது. ஏசுன் வகுப்புத் தலைவர் தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியும், வசதியான வீட்டுப் பையனைத் தலைவனாக்கிவிட்டு அவளைத் துணைத் தலைவி ஆக்குவார்கள். அம்மாவுக்குப் பள்ளிக்கூட நினைவு வரும் என்று எதிர்பார்த்தேன், ஏனென்றால் ஆறாம் வகுப்போடு நின்றவர், டவுனில் புகுமுக வகுப்புக்குப் போக பஸ் காசு இல்லாமல். ஆனால் அவர் நினைவு போனது, வெட்டிய பாலை அளந்து கொடுக்கும் பால் ஸ்டோருக்கு. கொண்டு போன பாலில் கண்ணாடிக் குச்சியை விட்டு ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எழுதிவிட்டால் கூலி குறையும், எழுதுகிறவர் சொல்வதுதான் கணக்கு. "ஓட்டு எண்றவன் கையிலயும் பேனா, பால் அளக்கறவன் கையிலயும் பேனா" என்றார் அம்மா. அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சொல்ல வருவது இதுதான்: எந்தக் காட்சிக்கு எந்த நினைவு என்று நீங்கள் முடிவு செய்து வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ஆனாலும் ஓரிடத்தை மட்டும் தவறவிடாதீர்கள், தொலைபேசி வந்தால்கூட எடுக்காதீர்கள். ஏசுனும் குவான்சிக்கும் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பார்கள், வேலை இல்லை, அரிசிப் பானை காலியாகிக்கொண்டே வரும், ஆனால் முழுவதும் காலியாகாது. வீட்டுக்காரக் கிழவி யாருக்கும் தெரியாமல் வந்து அரிசியைக் கொட்டிவிட்டுப் போவாள். நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ள 555 புத்தகம் தெரிந்திருந்தால் போதும். தோட்டத்துக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன், சம்பளத்தன்று போய்க் கணக்குத் தீர்த்துவிட்டு, அன்றைக்கே மறுபடியும் எழுதத் தொடங்குவோம். அப்பா ஒரு தடவை மூன்று மாதம் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, கடைக்காரர் புத்தகத்தில் ஒரு பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டாராம். அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே அந்தக் கிழவியிடம்தான் சொன்னார்: "ஒங்கள மாதிரி ஒரு ஆளு எங்களுக்கும் இருந்தாரு."

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டாவது நாலு பகுதிக்குள் ஒரு புயல் வரும், அதில் ஏசுனின் கடைசிப் பையன், சின்னக் குழந்தை, போய்விடுவான். நம் தோட்டத்து அம்மாக்களில் குழந்தையைப் பறிகொடுக்காதவர்கள் குறைவு, ஆனால் பலரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்திருந்தால் அன்றைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு ஒரு பிள்ளை தவறிடும்மா, வேணாம்னா அந்த எடத்தத் தாண்டிப் போயிரலாம்." தீர்மானிப்பது அவர். எனக்கு முன்னால் பிறந்து பத்து நாளில் போன அண்ணன் ஒருவர் உண்டு. அம்மா "ஓடட்டும்" என்றார். பகுதி முடிந்ததும் நான் எதுவும் பேசவில்லை, மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி தனியாகத் தூங்க விட வேண்டாம், பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் ஆண்களை என்ன செய்வது? உட்காரச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் வர மாட்டார்கள். நாற்காலியை டிவி தெரிகிற மாதிரி வாசல் பக்கம் திருப்பிப் போட்டால் போதும். என் அப்பா அப்படித்தான், செய்தித்தாளை விரித்துக்கொண்டு மூன்றாவது நாள் வந்து உட்கார்ந்தார், பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஏசுனின் மாமியார் வீட்டில் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒரு மேசை என்று சாப்பாடு நடக்கும்போது, குவான்சிக் அப்படியே முதுகைத் திருப்பிக்கொண்டு பொண்டாட்டி பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். அம்மா சத்தமாகவே கேட்டார், "இப்படி ஒரு ஆம்பள உண்டா?" என்று. செய்தித்தாள் கொஞ்சம் கீழே இறங்கியது.

இந்தக் கேள்வியை மழுப்பாதீர்கள். எனக்கும் இந்த நாடகத்தில் ஒரு குறை அதுதான், குவான்சிக் ரொம்ப நல்லவன். குடிக்கிறவனையும் கை நீட்டுகிறவனையும் அது வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. நம் தோட்டத்தில் கள்ளுக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும், சம்பளத்தன்று அந்த வழியில் எத்தனை குடும்பங்களின் கூலி நின்றுபோனது என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் அம்மாவின் வாழ்க்கையில் குவான்சிக் இல்லையென்றால், அவர் கசப்பாகப் பேசினால், அதையும் அப்படியே கேளுங்கள். "அதெல்லாம் கதைதானேம்மா" என்று சமாதானம் சொல்லி வாயை அடைக்காதீர்கள்.

ஒரு படகு வாங்கும் இடம் வரும். ஏசுனின் அப்பாவைப் பெற்ற பாட்டி, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசைக் கொண்டுவந்து கொடுப்பாள், அதில்தான் சொந்தப் படகு வரும், பிள்ளைகளின் பெயர்களில் இருக்கும் தங்கம் வெள்ளி வெண்கலத்தைச் சேர்த்துப் படகுக்குப் பெயர் வைப்பார்கள். இந்த இடத்தில் பேசாமல் இருந்த அப்பாதான் வாயைத் திறந்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960ல், எங்கள் ஊர்க்காரரான, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் வெட்டுகிறவர்களிடமே பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். தாத்தா அதில் பங்கு போட்ட கதையை, வீட்டில் அடுப்பெரியாத நாளில்கூடத் தவணையைக் கட்டிய கதையை, அப்பா பகுதி முடிந்தும் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் வீட்டில் பழைய பங்குச் சீட்டு, பாஸ் புத்தகம், சிவப்பு அடையாள அட்டை என்று ஏதாவது தகரப் பெட்டியில் இருந்தால், மறுநாள் எடுத்து வெளியே வையுங்கள்.

கதையின் பின்பாதி உங்களுக்கானது. மகள் கும்மியாங் சியோலில் படிக்கப் போவாள், ஜப்பானுக்கு அனுப்பக் குடியிருக்கும் வீட்டையே விற்பார்கள், காதலித்தவனின் அம்மா அவளை மட்டம் தட்டுவார், 1997 பொருளாதார நெருக்கடியில் வேலை போகும். ஊருக்கு வந்தால் அம்மாவிடம் எரிந்து விழுவாள், பஸ்ஸில் ஏறியதும் அழுவாள். இந்தப் பகுதிகளில் மொழிபெயர்ப்பு உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கோலாலம்பூரில் ரூம் எடுத்துப் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், என் கல்லூரிப் பணத்துக்காக அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய்வந்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டு அழத் தொடங்காதீர்கள், அப்புறம் அவர் உங்களைத் தேற்ற வேண்டி வரும், அன்றைய ராத்திரி உங்களைப் பற்றியதாகிவிடும். கதையைச் சொல்லுங்கள், குரல் நின்றால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதே மாதிரி, உங்கள் பிள்ளைகள் கூட உட்கார்ந்திருந்தால் "பாத்தியா, நாங்க எப்படிக் கஷ்டப்பட்டோம்" என்று அவர்கள் பக்கம் திரும்பாதீர்கள். பாட்டி சொல்வதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

பதினாறாவது ராத்திரிக்கு ஒன்றை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தலைப்பை மட்டும் சொல்லி, ஆரஞ்சுப் பழக் கதை என்று ஓட்டிவிடுங்கள். கொரியத் தலைப்பு வேறு: பொக்சாக் சொகாட்சுதா. சியோல் பேச்சில் கேட்டால் நன்றாக ஏமாந்துவிட்டீர்கள் என்பது மாதிரிக் காதில் விழும். ஜேஜூ பேச்சில் அதற்கு அர்த்தம், ரொம்பப் பாடுபட்டீங்க. குவான்சிக் போன பிறகு, கவிதை எழுத ஆசைப்பட்ட அந்தப் பெண் கிழவியாகி ஒரு புத்தகம் போடுவாள், அதற்கும் இதே பெயர்தான். பகுதி முடிந்து, திரை கறுப்பானதும், விளக்கைப் போடுவதற்கு முன் அர்த்தத்தைச் சொல்லுங்கள். டிவியைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் சொன்னேன். "ரொம்பப் பாடுபட்டீங்கம்மா." அம்மா சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் வாசல் பக்கம், செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கையால் காட்டி, "அவருக்கும் சொல்லு" என்றார்.